சர்வருக்குள் ஓர் எல்லைக்கோடு

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் என்ற ஆட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்தியாவுக்கான அதன் சர்வரும் நின்றது. பொதுமுடக்கத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த நேரம் அது. இராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று கடலோரம் நெடுகப் பையன்கள் இரவில் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஓர் இடம் சட்டென்று காலியானது. பல வீடுகளில் அதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் வீடியோ கேம் மனிதரை மனிதரோடு சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்ற பழைய வழக்குக்குச் சாட்சி கிடைத்தது அப்போதுதான். ஆட்டம் போன பிறகு எந்த நட்பு நின்றது, எது கரைந்தது என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

இந்த வழக்கில் இரு தரப்பும் ஒன்றையொன்று தொடாமலே பேசிவருகின்றன. பிள்ளை கெட்டுப்போகிறான் என்பவர் நேரத்தையும் பணத்தையும் தூக்கத்தையும் பேசுகிறார். எனக்கு நண்பர்களைத் தந்ததே கேம்தான் என்பவர் தன் மனத்தைப் பேசுகிறார். இரண்டாமவர் சொல்வதை நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டதே இல்லை. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது உண்மையா, உண்மை என்றால் யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு?

இந்தத் தலைமுறைக்கு முன்பும் ஆட்டம் இருந்தது. தொண்ணூறுகளில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆட விட்ட கடைகள் சிற்றூர்களிலும் இருந்தன. ஒரு டிவி, இரண்டு ரிமோட், பின்னால் முறைக்குக் காத்திருக்கும் நாலு பேர். கான்ட்ராவின் அருவிக் கட்டத்தில் ஒருவன் அவசரப்பட்டு மேலே ஏறிவிட்டால், கீழே பின்தங்கியவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். நண்பனுக்காக நின்று ஏற வேண்டும் என்பதை அந்த ஆட்டம் விதியாகவே வைத்திருந்தது. பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் பிளஸ் டூ பிள்ளைகள் கேம்களைப் பென் டிரைவில் கைமாற்றிக்கொண்டார்கள். இவற்றில் எல்லாம் ஆடுகிறவர்கள் ஒரே அறையில் இருந்தார்கள். கேம் நட்பைத் தந்ததா, அறை தந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2018-இல் பப்ஜி போனுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஒரே அறையில் இல்லாதவர்கள் சேர்ந்து ஆடுவது இங்கே அன்றாடமானது. ஆகவே சோதனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2006-இல் கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலர், டிமிட்ரி வில்லியம்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆன்லைன் ஆட்டங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வீடும் இல்லாத, வேலையிடமும் இல்லாத மூன்றாவது இடம் மனிதருக்குத் தேவை என்று ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதியிருந்தார். அந்த மூன்றாவது இடமாக ஆன்லைன் ஆட்டங்கள் இருக்க முடியும் என்பது இவர்கள் வாதம். கேம்களுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் பலரும் இதை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அதே கட்டுரையின் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். பலதரப்பட்ட அறிமுகங்களைத் தருவதில் இந்த ஆட்டங்கள் வலுவானவை. கஷ்டத்தில் கைகொடுக்கும் ஆழமான உறவைத் தருவதில் அவ்வளவு வலுவில்லாதவை என்பது அந்த மறுபாதி. இன்னொன்றும் உண்டு. மக்கள் கூடும் இடங்கள் அமெரிக்காவில் அருகிவருகின்றன என்ற கவலையிலிருந்து பிறந்த ஆய்வு அது. நம் கடற்கரைக்கு அந்தக் குறை இல்லை. மீன் வாடி, ஏலம் போடும் மணல்திட்டு, வலை சரிசெய்யும் கொட்டகை, டீக்கடை, குருசடி, பள்ளிவாசல் திண்ணை என்று கூடுவதற்கு இடம் ஏராளம். ஏற்கெனவே இத்தனை இருக்கும்போது கேம் புதிதாக எதைக் கொண்டுவந்தது?

சாதி, மதம், தெரு என்ற பிரிவைத் தாண்டவைத்தது என்று சிலர் சொல்வார்கள். கொட்டகையில் யார் உட்காரலாம், திண்ணையில் யார் உட்காரலாம் என்பது எழுதாத சட்டம். நால்வர் சேர்ந்து ஆடும் ஸ்குவாடில் அப்படி ஏதும் இல்லை என்பது அவர்கள் வாதம். நான் இதைப் பாதிதான் ஏற்கிறேன். தெரியாத மூவரோடு ஆட்டம் கோத்துவிடும்போது யாரும் ஊர் கேட்பதில்லை, உண்மை. ஆனால் பையன்கள் விரும்பிச் சேர்க்கும் ஸ்குவாடைப் பாருங்கள். அதே தெரு, அதே வகுப்பு, அதே பங்காளிகள். ஆட்டத்துக்கு வெளியே இருந்த கோடுகளைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே கொண்டுபோகிறார்கள்.

தூரம் விஷயம் அப்படியல்ல. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் கடல் கடந்து வேலைக்குப் போன சபுராளி இல்லாத வீடு அரிது. காக்கா, அதாவது அண்ணன், துபாயில்; தம்பி இங்கே எட்டாம் வகுப்பில் என்று வைத்துக்கொள்வோம். போன் பேசினால் என்ன பேசுவார்கள்? “சாப்டியா, ஓதப் போனியா, சரி, உம்மாட்ட குடு.” ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அன்பு குறைந்ததால் அல்ல. ஏழெட்டு வயது மூத்தவரிடம் முகம் பார்த்துப் பேச அந்தப் பையனுக்கு விஷயம் கிடைப்பதில்லை. இதே இருவரும் பப்ஜியில் ஒரே ஸ்குவாடில் இறங்கினால் நடப்பது வேறு. இங்கே இரவு பத்து மணி, அங்கே எட்டரை. ஆட்டம் அரை மணி நேரம் ஓடும். நூறு பேர் இறங்கும் எரங்கல் தீவில் சுடுகிற நேரம் கொஞ்சம். நடக்கிற நேரம், ஒளிந்து கிடக்கிற நேரம், வட்டத்துக்குள் ஓடுகிற நேரம்தான் அதிகம். “காக்கா, உங்க பின்னாடி ஒருத்தன் வர்றான்” என்பதற்கும் “நாக் ஆயிட்டேன், வந்து ரிவைவ் பண்ணுங்க” என்பதற்கும் நடுவே உம்மாவின் முட்டுவலியும், காம்பவுண்டுச் சுவர் இடிந்ததும், கணக்குப் பரீட்சையும் வந்துபோகும். விழுந்தவனைக் கூட்டாளிதான் தூக்கிவிட முடியும் என்பது ஆட்டத்தின் விதி. அதுவும் நேரம் முடிவதற்குள் தூக்க வேண்டும். தன்னைவிடப் பெரியவரைத் தான் தூக்கிவிடும் வாய்ப்பு அந்தத் தம்பிக்கு வேறெங்கே கிடைக்கும்?

நம் ஆண்பிள்ளைகளுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேச வராது. கையில் ஒரு வேலை இருந்தால், கண் வேறெங்கோ இருந்தால், பேச்சு தானாக வரும். வலை சரிசெய்யும் கொட்டகையில் பேச்சு ஓயாமல் நடப்பதும் அதனால்தான். அந்தக் கொட்டகையைக் கடல் கடந்து நீட்டியது என்பதே இந்த ஆட்டத்துக்கு நான் தரக்கூடிய மிக உயர்ந்த மதிப்பு. இதைக் காணாமல் ‘கேம் பிள்ளையைத் தனியாளாக்கிவிட்டது’ என்று தீர்ப்பெழுதுகிறவர் சாட்சியை விசாரிக்காமல் எழுதுகிறார்.

இனி மறுபக்கம். 2021 ஜூலை 2-ஆம் தேதி அதே ஆட்டம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, சுருக்கமாக பிஜிஎம்ஐ, என்ற பெயரில் திரும்பி வந்தது. பையன்கள் கொண்டாடினார்கள். ஆனால் அது இந்தியாவுக்கு மட்டுமென்று பிரித்து வெளியிடப்பட்ட ஆட்டம். உலகத்தின் மற்ற பகுதி ஆடிய பப்ஜி மொபைலோடு அதில் சேர்ந்து ஆட வழி இல்லை. துபாயில் இருப்பவர் ஒரு சர்வரில், கீழக்கரைத் தம்பி வேறொரு சர்வரில். ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு கணக்கும் ஒரு வட்டாரத்து சர்வரோடு கட்டப்பட்டதுதான். இலங்கையோடும் இதே கதைதான். தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 1964 புயலுக்கு முன்பு ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலேறி அக்கரை போய்வந்த குடும்பங்கள் இன்றும் இரு கரையிலும் சொந்தங்களோடு வாழ்கின்றன. மண்டபத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் வளரும் பிள்ளைகளின் சித்தப்பா பிள்ளைகள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள் கடல்மேல் ஒரு கோட்டை இழுத்தன. 2021-இல் அதே போன்ற ஒரு கோடு சர்வருக்குள்ளும் விழுந்தது. பயனர் தரவின் பாதுகாப்பும் நாட்டின் இறையாண்மையும் தடைக்கு அரசு சொன்ன காரணங்கள். அவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் விளைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் எந்த உறவுக்கு ஆட்டம் உண்மையிலேயே துணையாக இருந்ததோ, அந்த உறவுதான் அறுந்தது. பக்கத்துத் தெருப் பையனோடு ஆடுவது தடையின்றித் தொடர்ந்தது. அவனோடு பேச ஆட்டம் தேவையே இல்லை.

2018-இல் பன்னிரண்டு வயதான ஒரு பையனின் வளரும் பருவத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2020-இல் பப்ஜி போனது. ஃப்ரீ ஃபயருக்கு நகர்ந்தான். விலை குறைந்த போனிலும் ஓடும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடியும். 2021-இல் பிஜிஎம்ஐ வந்தது. 2022 பிப்ரவரி 14-இல் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. அதன் மேக்ஸ் பதிப்பு மட்டும் தப்பியது. அதே ஆண்டு ஜூலை 28-இல் பிஜிஎம்ஐ செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு மறுபடி வந்தது. ஐந்தாண்டில் இத்தனை முறை அவனது கூடுமிடம் இடிந்து கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உடன் வந்தவர்கள் யார்? வாட்ஸ்அப் எண் தெரிந்தவர்கள், வகுப்பில் உடன் இருந்தவர்கள், சொந்தக்காரர்கள். ‘எம்எஸ் கிங்’ என்றோ ‘பிளாக் டெவில்’ என்றோ ஒரு பட்டப்பெயராக மட்டுமே தெரிந்த, மாதக்கணக்கில் இரவு தவறாமல் உடன் ஆடிய, குரல் மட்டும் பழகிய அந்த ஒருவன் திரும்பக் கிடைக்கவில்லை. அவன் திருநெல்வேலியா, திருச்சியா என்று கூடத் தெரியாது. அந்த இழப்பைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லவும் முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கக் கூடாத இழப்பு அது. ஆனாலும் வழக்கின் கணக்கில் அது கேமுக்கு எதிரான சாட்சிதான். ஆட்டத்துக்குள் மட்டுமே பிறந்த உறவு, ஆட்டத்துக்கு வெளியே ஒரு கயிறு கட்டப்படாவிட்டால் நிற்பதில்லை.

இதற்கு மறுப்பாக நார்வேயின் மாட்ஸ் ஸ்டீனைச் சொல்வார்கள். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014-இல் 25 வயதில் இறந்தவர். மகன் தனிமையில் போய்விட்டான் என்று பெற்றோர் கலங்கியிருந்தபோது, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் அவரை இபெலின் என்ற பெயரில் அறிந்தவர்களிடமிருந்து இரங்கல் கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். பெஞ்சமின் ரே 2024-இல் அதை ஆவணப்படமாக்கினார். கலங்காமல் பார்க்க முடியாத படம். ஆனால் அது எதை நிறுவுகிறது? ஸ்டார்லைட் என்ற ஒரே குழுவில் பல ஆண்டுகள், அதே ஆட்களோடு, அதே பாத்திரமாக வாழக்கூடிய ஆட்டம் அது. ஆட்டத்துக்கு வெளியே எழுதிப் பேசிக்கொள்ளவும் அந்தக் குழுவுக்கு வழி இருந்தது. அரை மணியில் முடிந்து, அடுத்த முறை வேறு மூவரைக் கோத்துவிடும் ஆட்டத்துக்கு அந்தச் சான்றை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. வீட்டைவிட்டு வெளியே வர இயலாத ஒரு பிள்ளைக்குக் கேம் கதவைத் திறக்கும் என்பதை அது ஐயமின்றி நிறுவுகிறது. நம் ஊர்களில் அப்படி வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களை இந்த விவாதத்தில் யாரும் நினைப்பதே இல்லை.

பெண்பிள்ளைகளையும்தான். இதுவரை நான் எழுதியதில் பையன், தம்பி, காக்கா என்றே வந்தது தற்செயல் அல்ல. இந்தக் கடற்கரையின் ஸ்குவாடுகளில் பெண் குரல் அபூர்வம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி, இந்தியாவில் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். போன் அப்பாவுடையது, அண்ணனுடையது. இரவு பத்து மணிக்கு அது பெண்ணின் கைக்கு வருவதில்லை. வந்து அவள் மைக்கை ஆன் செய்தால் கேட்க வேண்டிவரும் பேச்சு இன்னொரு தடை. பப்ஜியை நேரலையில் ஆடிக்காட்டிய ஒரு யூடியூபர், பெண்களை இழிவாகப் பேசியதற்காக 2021 ஜூனில் தமிழ்நாட்டில் கைதானார். அவரை அதுவரை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் பாதிப்பேர் உள்ளே வர அஞ்சும் ஓர் இடத்தைக் கூடுமிடம் என்று எப்படிப் புகழ்வது? இந்த ஓர் அளவுகோலில் துப்பாக்கி ஆட்டங்கள் முழுதாகத் தோற்கின்றன.

பணத்தைப் பற்றி ஒரு கணக்குப் போதும். 2021-இல் பிஜிஎம்ஐ வந்தபோது, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் காக்க என்று நாளுக்கு மூன்று மணி நேரமும், செலவுக்கு நாளொன்றுக்கு 7,000 ரூபாயும் உச்சவரம்பு வைத்தார்கள். அப்போது 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுவதற்கும் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு தந்த நிவாரணம் 5,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அது 8,000 ஆகும் என்று முதல்வர் அறிவித்தார். 2021-இல் ஒரு குடும்பத்தின் இரண்டு மாதக் கஞ்சியைவிட ஒரு சிறுவனின் ஒரு நாள் வரம்பு பெரிதாக இருந்தது. இந்த வரம்பை வகுத்தவர்களின் கண்ணில் இராமேஸ்வரம் இல்லை. பொதுமுடக்க காலத்தில் நம் மாவட்டத்திலேயே ஒரு சிறுவன் ஆட்டத்தில் ஏறத்தாழ 90,000 ரூபாயை இழக்க, தந்தை அவனை ஒன்றிலிருந்து 90,000 வரை எண்களை எழுதச் சொன்ன செய்தி நாடெங்கும் பரவியது. தொகையைப் பேசினோம், தண்டனையைப் பேசினோம். அவன் யாரோடு ஆடினான் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆன்லைன் ரம்மியையும் இந்த ஆட்டங்களையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-இல் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் தேவையானவை. உயிர்களைக் காவுகொண்ட சூதாட்டம் அது. ஆனால் துணியும் துப்பாக்கி நிறமும் விழுமா என்று காசு கொடுத்து வாங்கிய டைமண்டைக் கொட்டிச் சுழற்றவைக்கும் பகுதி இந்த ஆட்டங்களிலும் உண்டு. அது நட்புக்கு ஒரு பயனும் தருவதில்லை. அதை எடுத்துவிட்டாலும் ஸ்குவாடு நிற்கும். நேரத்தைப் பற்றிய பயம் மட்டும் சற்று மிகையானது. 2022-இல் வெளியான ஓர் ஆக்ஸ்போர்டு ஆய்வு ஏறத்தாழ 39,000 பேரின் உண்மையான ஆட்ட நேரத்தைப் பார்த்து, நேரம் கூடுவதால் மனநலம் கெடுவதாகச் சான்று இல்லை என்றது. ஆனால் அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. காலையில் பள்ளிக்குப் போக வேண்டிய பதின்மூன்று வயதுப் பையனின் தூக்கத்துக்கு அது பதில் சொல்லாது. கட்டுப்பாடு இழந்து ஆடுவதை உலக சுகாதார நிறுவனம் நோயாகப் பட்டியலிட்டிருப்பதும் உண்மை. அது சிலருக்கு; எல்லோருக்கும் அல்ல.

தூரத்தில் இருப்பவரைச் சேர்க்கிறதா, விலக்கிவைக்கப்பட்டவரை உள்ளே விடுகிறதா, ஆட்டம் போனாலும் உறவு நிலைக்குமா என்ற மூன்றையும் வைத்து நிறுத்தால், யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ஆட்டங்கள் முன்னுக்கு வருகின்றன. மும்பையில் 2016-இல் செய்யப்பட்ட லூடோ கிங் அவற்றில் ஒன்று. அறை எண்ணை அனுப்பினால் துபாயிலிருந்தும் சேரலாம், தலைமன்னாரிலிருந்தும் சேரலாம். தாயம் உருட்டத் தெரிந்த உம்மாவும், அக்காவான ராத்தாவும் ஆடலாம். பாட்டிக்குச் சொல்லித்தரக்கூட வேண்டாம். தெரிந்தவர்களை மட்டும் அழைத்து ஆடினால் வசைக்கும் இடமில்லை. பின்லாந்துக்காரர்கள் 2012-இல் வெளியிட்ட கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் இன்னொன்று. ஐம்பது பேர் வரை ஒரே கிளானில் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம், எந்த நாட்டிலிருந்தும். எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பதில்லை. ஒருவர் படை கேட்டு வைத்தால் இன்னொருவர் ஓய்ந்த நேரத்தில் தருவார். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகில் கடலுக்குப் போய் மறுநாள் கரையேறும் இளைஞனின் பொழுதுக்கு அது பொருந்துகிறது. ஸ்குவாடு ஆட்டம் அவனுக்காகக் காத்திருப்பதில்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றி டொரொண்டோவில் செய்த ‘வெண்பா’ என்ற கேம் 2024-இல் பாஃப்டா விருது பெற்றபோது நாம் மகிழ்ந்தது நியாயம். தாய்க்கும் மகனுக்கும் நடுவே விழும் இடைவெளியை இட்லிச் சட்டியைக் கொண்டு சொல்லும் அருமையான படைப்பு அது. ஆனால் அது உறவைப் பற்றிப் பேசும் ஆட்டம். இருவரை ஒன்றாக உட்காரவைக்கும் ஆட்டம் அல்ல. நம் வழக்குக்கு லூடோவே பெரிய சாட்சி.

ஆகவே என் தீர்ப்பு: வீடியோ கேமில் கிடைக்கும் உறவு மெய்யானது. ஆனால் இந்தக் கடற்கரையில் அது ஏற்கெனவே இருந்த உறவை வாடாமல் வைத்ததே அதிகம். புதிதாக உண்டாக்கி நிலைக்கவைத்தது குறைவு. அந்தக் காக்கும் வேலையைக்கூட எல்லை கட்டப்பட்ட சர்வர் செய்ய முடியாமல் ஆக்கிவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு அது இன்னும் கடன்பட்டிருக்கிறது. பிள்ளையின் போனைப் பிடுங்க நினைக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: முதலில் மைக்கின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். காக்காவோ மாமாவோ என்றால் இரவு அரை மணி நேரம் விட்டுக்கொடுங்கள். முகம் தெரியாத நண்பன் என்றால் அவன் பெயரும் ஊரும் கேட்டுவைக்கச் சொல்லுங்கள், அடுத்த தடை வருவதற்குள். சபுரில் இருப்பவர்களே, இரண்டு நாட்டிலும் ஓடுகிற ஓர் ஆட்டத்தை உங்கள் போனில் ஏற்றுங்கள். தம்பியை மட்டும் அல்ல, தங்கச்சியையும் கூப்பிடுங்கள்.